தொடர்மாடி வாழ்வும் வாடகை முகாமையும்: கொழும்பு நகர அனுபவத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு நோக்கு

நகர வீட்டுப் பிரச்சினை பற்றி நம்மிடையே நிகழ்ந்த விவாதங்களைத் தொகுத்து நோக்குமிடத்து, அவற்றுட் பெரும்பாலானவை 'வீடு யாருக்குச் சொந்தம்?' என்னும் வினாவைச் சுற்றியே அமைந்திருத்தலைக் காணலாம். வீட்டுச் சொந்தக்காரனுக்கும் வாடகைக் குடியிருப்பாளனுக்கும் இடையிலான முரண்பாடே நகர வாழ்வின் தலையாய முரண்பாடாக விளங்கிய காலத்தில் இவ்வினா முதன்மை பெற்றமை இயல்பே. ஆயின், ஒரே நிலத்தின் மீது ஐம்பது, நூறு குடும்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வாழும் தொடர்மாடி அமைப்பிலே இவ்வினாவுக்கு விடை கண்டதும் பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. படிக்கட்டு யாருடையது? கூரை ஒழுகினால் திருத்துபவர் யார்? தண்ணீரை மேலேற்றும் பம்பியின் மின்கட்டணத்தைச் செலுத்துபவர் யார்? எவரைக் குடியமர்த்துவது, எவரை வெளியேற்றுவது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? இவ்வினாக்கள் யாவற்றையும் உள்ளடக்கியதே வீட்டு முகாமை எனப்படுவது.

சொத்துடைமையைப் பற்றி அதிகம் சிந்தித்த நாம் முகாமையைப் பற்றிப் போதியளவு சிந்திக்கவில்லை என்பதும், அதன் விளைவுகளை நகரத்தின் வறிய குடும்பங்களே இன்று சுமக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்துகளாகும். கொழும்பு நகரின் அனுபவத்தை மையமாகக் கொண்டு இதனை விளக்க முற்படுவோம்.

1. தோட்டக் குடியிருப்புகளும் வாடகை உறவும்

கொழும்பின் வாடகைக் குடியிருப்பு வரலாறு துறைமுகத்துடன் பிணைந்தது. 1875 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று 1885 ஆம் ஆண்டு நிறைவெய்திய அலைதாங்கிச் சுவர், கொழும்பை ஒரு முக்கிய துறைமுகமாக மாற்றியது. கப்பலில் ஏற்றி இறக்குவோர், வண்டிக்காரர், தேயிலைக் களஞ்சியங்களில் வேலை செய்த பெண்கள் எனப் பெருந்தொகையான உழைப்பாளர் துறைமுகத்தை அண்டி வாழவேண்டியவராயினர். வசதி படைத்தோர் கறுவாத் தோட்டம், கொள்ளுப்பிட்டி முதலிய தென்பகுதிகளை நோக்கி நகர, வடக்கிலும் மத்தியிலும் இருந்த பெரிய வீடுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டன. வெற்று நிலங்களிலே வரிசை அறைகள் எழுந்தன. ஒரு குழாய், சில மலசல கூடங்கள், பல குடும்பங்கள்: இதுவே கொழும்பு மக்கள் 'தோட்டம்' எனக் குறிப்பிடும் குடியிருப்பின் அமைப்பாகும்.

இக்குடியிருப்புகளின் சுகாதாரக்கேடு குறித்து ஆட்சியாளர் அக்கறை கொள்ளாதிருக்கவில்லை. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகரமேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் கட்டடங்களுக்குரிய ஒழுங்குகளை விதித்தது. 1921 ஆம் ஆண்டு நகரத் திட்டமிடலறிஞர் பற்றிக் கெடிஸ் கொழும்பு பற்றிய தமது அறிக்கையை அளித்தார். ஆயின் வாடகை உறவு மாற்றமடையவில்லை. சொந்தக்காரன் பெரும்பாலும் வேறிடத்தில் வாழ்ந்தான். வாடகையை அறவிடுபவன் இடையில் நின்றான். திருத்த வேலைகளுக்குச் செலவிடப்படும் ஒவ்வொரு ரூபாவும் சொந்தக்காரனின் வருமானத்திலிருந்து கழிவதால், முகாமை என்பது வாடகை அறவிடுதலாகவே சுருங்கிவிட்டது.

இரண்டாம் உலகப்போரின்போது, 1942 ஆம் ஆண்டில், வாடகைக் கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டம் அதனை நிலைபெறச் செய்தது. குடியிருப்பாளனுக்கு இது பெரும் பாதுகாப்பாக அமைந்தது. அதேவேளை, வாடகையை உயர்த்த இயலாத சொந்தக்காரன் திருத்த வேலைகளை அறவே கைவிட்டமையும், புதிதாகக் குடியேறுவோரிடம் வாடகைக்குப் புறம்பாகப் பெருந்தொகையை முன்கூட்டியே பெறும் வழக்கம் தோன்றியமையும் மறுக்கவியலாதவை. இதனைக் காட்டி வாடகைக் கட்டுப்பாடே தவறெனக் கூறுவோர் உளர். அக்கூற்று ஏற்புடையதன்று. கட்டுப்பாடு வாடகையைத் தொட்டது. பராமரிப்புப் பொறுப்பை எவர் ஏற்பது என்பதைத் தொடவில்லை. குறைபாடு இங்கேயே உள்ளது.

2. அரசு சொந்தக்காரனாகியபோது

சுதந்திரத்தின் பின்னர் அரசே மாடிவீடுகளைக் கட்டி வாடகைக்கு விடலாயிற்று. 1954 ஆம் ஆண்டின் தேசிய வீடமைப்புச் சட்டம் இதற்கு நிறுவன வடிவம் அளித்தது. பம்பலப்பிட்டி, நாரஹேன்பிட்டி, மாளிகாவத்தை, நகருக்கு வெளியே சொய்சாபுர எனத் தொடர்மாடிகள் எழுந்தன. அரசாங்க ஊழியரும் எழுதுவினைஞரும் ஆசிரியரும் தொழிலாளருமாகிய பல்வகைப்பட்டோர் ஒரே படிக்கட்டைப் பகிர்ந்துகொண்டனர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் ஆகியோர் அயலவராயினர். நிலத்தோடு ஒட்டிய கிராம வாழ்விலிருந்து வேறுபட்ட ஒரு நகரப் பண்பாடு இங்கு உருவாவதற்கான வாய்ப்பு இருந்தது எனலாம்.

முகாமையின் நிலை யாதெனின், தனியார் சொந்தக்காரனின் இலாப நோக்கம் இங்கு இல்லாதபோதிலும், அதனிடத்தில் அலுவலகக் கோவையின் தாமதம் வந்தமர்ந்தது. வாடகை குறைவு, அவ்வாடகை அந்தக் கட்டடத்தின் பராமரிப்புக்கென்றே ஒதுக்கப்படுவதுமில்லை. உடைந்த குழாய் பற்றிய முறைப்பாடு, குடியிருப்பாளர் எவரும் அங்கம் வகிக்காத ஒரு திணைக்களத்துக்குச் சென்றது. குடியிருப்பாளர் அரசின் வாடகைக்காரராயினரேயன்றி, தம் குடியிருப்பின் முகாமையிற் பங்காளராகவில்லை.

3. 1972-1973: ஒரு திருப்புமுனை

நமது வீடமைப்பு வரலாற்றில் மிகத் துணிகரமான சட்டவாக்கம் நிகழ்ந்த காலம் இதுவே. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பாளரின் பாதுகாப்பை மேலும் வலுப்படுத்தியது. அடுத்த ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வீட்டுச் சொத்துக்கு உச்சவரம்பு விதித்தது. குடும்பமொன்று வைத்திருக்கக்கூடிய வீடுகள், அதிற் சார்ந்து வாழும் பிள்ளைகளின் தொகையுடன் இரண்டைக் கூட்டி வரும் எண்ணிக்கையாகவும், தனியொருவருக்கு இரண்டாகவும் வரையறுக்கப்பட்டன. மேலதிக வீடுகள் தேசிய வீடமைப்பு ஆணையாளரிடம் சேர்ந்தன. குடியிருந்தோர் அவற்றை வாங்குவதற்கு வழி திறக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலத்திலே இச்சட்டம் நிறைவேறியமை குறிப்பிடத்தக்கது. வாடகையை வருமானமாகக் கொண்டு வாழ்ந்த வர்க்கத்தின் அடித்தளத்தை அது அசைத்தது.

இச்சட்டங்கள் பெரிதும் பேசப்பட்டன. அவற்றின் நிழலில், அதே 1973 ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய வேறிரு சட்டங்கள் அந்தளவுக்குக் கவனம் பெறவில்லை. அவை 10 ஆம் இலக்கப் பொது வசதிகள் சபைச் சட்டமும் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டமுமாகும். பின்னையது புதியதொரு சொத்துடைமை வடிவத்தை வரையறுத்தது. இதன்படி ஒருவர் தமது வீட்டின் உட்பகுதியைத் தனிச் சொத்தாகக் கொள்வார். நிலம், கூரை, படிக்கட்டு, மின்தூக்கி, நீர்த்தாங்கி ஆகியவற்றில் அவருக்குப் பிரிக்கப்படாத பங்கு உண்டு. வீட்டுரிமையாளர் அனைவரும் சேர்ந்து முகாமைக் கூட்டுத்தாபனம் ஒன்றாக அமைந்து, தத்தம் பங்கின் அளவுக்கேற்ப நிதி செலுத்திப் பொதுப்பகுதிகளைப் பேணல் வேண்டும். பொது வசதிகள் சபை இதனை மேற்பார்வை செய்யும் நிறுவனமாகியது; 2003 ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின்னர் அது கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையாக மாற்றம் பெற்றது.

காலப்போக்கில் அரச தொடர்மாடி வீடுகளிற் பல, குடியிருந்தோருக்கே விற்கப்பட்டன. வாடகைக்காரர் சொந்தக்காரராயினர். இது ஒரு முன்னேற்றமே. ஆயின் சொந்தக்காரன் என்ற பாத்திரத்தில் இரு கூறுகள் இருந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஒன்று, வாடகை பெறும் உரிமை. மற்றையது, கட்டடத்தைப் பேணும் கடமை. உரிமை ஒழிந்தது. கடமையோ ஒழியவில்லை; அது எவருக்கும் தெளிவாகக் கையளிக்கப்படாமல், ஐம்பது அறுபது குடும்பங்களின் மீது சிதறி விழுந்தது.

4. பொதுப்பகுதியின் பொருளியல்

இதன் உட்பொருளை ஒரு கற்பனைக் கணக்கின்மூலம் விளக்கலாம். அறுபது வீடுகள் கொண்ட ஒரு தொடர்மாடியில் ஒவ்வொரு வீடும் மாதம் 2,000 ரூபா செலுத்த வேண்டுமெனக் கொள்வோம். முழுத்தொகை 120,000 ரூபா. பம்பி, பொது மின்விளக்கு, மின்தூக்கிப் பராமரிப்பு, துப்புரவு ஆகியவற்றுக்கு 110,000 ரூபா செல்லுமாயின், எஞ்சும் 10,000 ரூபா எதிர்காலப் பெருந்திருத்தங்களுக்கான ஒதுக்குநிதியாகும். இருபது குடும்பங்கள் செலுத்தத் தவறினால் சேரும் தொகை 80,000 ரூபா மாத்திரமே. ஒதுக்குநிதி முதலில் மறைகிறது. அடுத்து மின்தூக்கி ஒப்பந்தம் கைவிடப்படுகிறது. செலுத்திவரும் நாற்பது குடும்பங்கள் முழுச் செலவையும் ஏற்பதாயின் ஒவ்வொன்றும் 2,750 ரூபா செலுத்த வேண்டும். கட்டணம் உயர, செலுத்த இயலாதோர் தொகையும் உயரும்.

இதனை மனிதரின் பொறுப்பின்மையென்று கூறிவிடுதல் எளிது. ஆனால் நலன்களே இங்கு வேறுபடுகின்றன. கீழ்மாடியில் வாழ்பவருக்கு மின்தூக்கி தேவையில்லை. மேல்மாடியில் வாழ்பவருக்குக் கூரை ஒழுக்கு உயிர்ப்பிரச்சினை. வீட்டை வாங்கி வேறொருவருக்கு வாடகைக்கு விட்டு வெளியூரில் வாழும் உரிமையாளருக்குப் படிக்கட்டின் இருள் ஒரு பொருட்டன்று. அந்த இருளில் நாள்தோறும் ஏறியிறங்கும் வாடகைக்காரரோ முகாமைக் கூட்டுத்தாபனத்தின் உறுப்பினர் அல்லர். பயன்படுத்துபவருக்கு வாக்கில்லை, வாக்குள்ளவருக்குத் தேவையில்லை என்ற இம்முரண்பாடு, தொடர்மாடி வாழ்வின் மையத்தில் இருப்பதாகும்.

5. முடுக்கிலிருந்து மாடிக்கு

1998 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நிலைபேறான நகரத் திட்டத்தின்கீழ், 2001 ஆம் ஆண்டில் பொரளைக்கு அண்மையில் சகஸ்புர என்னும் 671 வீடுகள் கொண்ட உயர்மாடிக் குடியிருப்பு நிறைவெய்தியது. தோட்டங்களில் வாழ்ந்த மக்கள் தமது நிலத்தைக் கைவிட்டு, அதற்கு ஈடாக மாடிவீடு பெறுதலே இதன் அடிப்படை. விடுவிக்கப்படும் நிலத்தின் சந்தை மதிப்பே திட்டத்தின் மூலதனமாகக் கருதப்பட்டது. 2010 ஆம் ஆண்டு நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டதன் பின்னர் இவ்வணுகுமுறை பெருமளவில் விரிவுற்றது. தெமட்டகொடையிலும் கொழும்பின் வடபகுதியிலும் பத்துக்கு மேற்பட்ட மாடிகள் கொண்ட கட்டடங்கள் எழுந்தன. அவற்றிற் குடியேறிய பல குடும்பங்கள் தொடக்கத்தில் ஒரு தொகையையும், பின்னர் இருபது அல்லது முப்பது ஆண்டுகளுக்கு மாதாந்தத் தவணையையும் செலுத்தவேண்டியிருந்தது. பரம்பரையாகத் தாம் கட்டி வாழ்ந்த வீட்டை இழந்தவர்கள், புதிய வீட்டுக்குக் கடனாளிகளாயினர்.

இங்கு வருமானத்தின் தன்மை கவனத்திற்குரியது. நாட்சம்பளத்தில் வாழ்வோருக்குச் செலவும் நாட்செலவாகவே அமைகிறது. தொடர்மாடியோ மாதச் சம்பளக்காரரின் வாழ்க்கை ஒழுங்கை அவர்கள்மீது சுமத்துகிறது: தவணை, பராமரிப்புக் கட்டணம், நீர்க்கட்டணம், மின்கட்டணம் யாவும் மாதத்தில் ஒருமுறை பெருந்தொகையாக வந்து சேர்கின்றன. வாசலில் இடியப்பம் அவித்து விற்ற பெண்ணுக்குப் பத்தாம் மாடியில் வாசல் இல்லை. தள்ளுவண்டியை நிறுத்த இடமில்லை. மின்தூக்கி நின்றுவிட்டால் நோயாளியும் முதியவரும் வீட்டுக்குள்ளேயே சிறைப்படுகின்றனர். தண்ணீர் ஏறாதபோது அதனைச் சுமப்போர் பெரும்பாலும் பெண்களேயாவர்.

பொருளாதார நெருக்கடியின்போது இந்நிலைமை மேலும் கூர்மையடைந்தது. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்டது. நமது கற்பனைத் தொடர்மாடியின் பொது மின்செலவு 40,000 ரூபாவாக இருந்ததெனவும், அது சராசரி அளவிலேயே உயர்ந்ததெனவும் கொள்வோமாயின், அரையாண்டுக்குள் அது 116,000 ரூபாவைத் தாண்டிவிடும். அறுபது குடும்பங்களும் தவறாது செலுத்தினாலும் சேரும் நிதி ஏறத்தாழ முழுவதையும் மின்சாரமே விழுங்கிவிடும். கட்டணங்கள் பின்னர் குறைக்கப்பட்டபோதிலும், அக்காலத்திற் கைவிடப்பட்ட திருத்தங்களின் சுமை கட்டடத்திலேயே தங்கிவிடுகிறது. குடிசையில் ஒரு விளக்கை அணைத்துச் செலவைக் குறைக்கலாம். பொதுப் பம்பியை ஒரு குடும்பம் தனித்து அணைத்துவிட இயலாது.

6. குடியமர்த்தலும் வெளியேற்றலும்

முகாமை என்பது கட்டடத்தைப் பேணுதலுடன் அமைவதன்று. எவர் குடியிருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமும் அதனுள் அடங்கும். இலங்கைத் தமிழரின் அண்மைக்கால வரலாறு இதற்குத் துயரமான சான்று. போரினால் வடக்குக் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து, வெளிநாட்டுப் பயணத்துக்காகவோ மருத்துவத்துக்காகவோ தொழிலுக்காகவோ கொழும்பு வந்தோர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் மாடிவீடுகளிலும் லொட்ஜுகளிலும் தங்கினர். அவர்களது குடியிருப்பு பொலிஸ் பதிவிலே தங்கியிருந்தது. குடியிருப்போரின் விபரங்களை அளிக்கும் பொறுப்பு வீட்டுரிமையாளர் மீதும் விழுந்ததால், வாடகை உறவு கண்காணிப்பின் ஒரு கருவியாகவும் மாறியது. 2007 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆம் நாள் லொட்ஜுகளிலிருந்து 300 இற்கும் மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டுக் கொழும்பினின்றும் வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இதற்குத் தடை விதித்தது. அவர்கள் வாடகை செலுத்தத் தவறியவர் அல்லர் என்பது மனங்கொள்ளத்தக்கது. வாடகைப் பாதுகாப்பு என்பது கட்டணத்தின் அளவைப் பற்றியது மாத்திரமன்று, இருக்கும் உரிமையையும் பற்றியது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

சட்டத்தின் பொதுப்போக்கும் குடியிருப்பாளருக்குச் சாதகமாக நகரவில்லை. 1980 ஆம் ஆண்டின் திருத்தத்தோடு வாடகைக் கட்டுப்பாடு தளர்வுறத் தொடங்கியது. 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டமோ, குத்தகைக்கு விடப்பட்ட இடத்தை உரிமையாளர் விரைவாக மீளப்பெறுவதற்கு வழிசெய்தது. ஒழுகும் கூரையை விரைவாகத் திருத்துவிப்பதற்கு வாடகைக்காரருக்கு இத்தகைய விரைவு வழி கிட்டவில்லை.

7. பிறநாட்டு அனுபவங்கள்

வேறு நாடுகளின் அனுபவத்தோடு ஒப்புநோக்கும்போது முகாமையில் மாற்றுவழிகள் உண்டென்பது புலனாகும். முதலாம் உலகப்போரின் பின்னர் சமூக ஜனநாயகவாதிகள் ஆட்சிசெய்த வியன்னா நகரம், 1923 ஆம் ஆண்டில் வீடமைப்புக்கென ஒரு வரியை விதித்தது. சொத்து உயர உயர வரியும் உயர்ந்தது. 1934 ஆம் ஆண்டுக்குள் 60,000 இற்கும் மேற்பட்ட வீடுகளை அந்நகரசபை கட்டியது. 1930 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கார்ல் மாக்ஸ் ஹோவ் என்னும் ஒரே தொடர்மாடியில் 1,382 வீடுகளும், பொதுச் சலவையகம், நூலகம், சிறுவர் பாடசாலை முதலியனவும் அமைந்தன. கட்டுமானச் செலவு வரியிலிருந்து வந்தமையால், வாடகை பராமரிப்பையும் நாளாந்தச் செலவையும் ஈடுசெய்யும் அளவிலேயே விதிக்கப்பட்டது. நகரசபை இன்றும் ஏறத்தாழ 220,000 வீடுகளை விற்காமல் தன் கையில் வைத்து வாடகைக்கு விடுகிறது. பேணும் கடமை எவரிடம் உள்ளது என்பதில் அங்கு ஐயமில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் போக்கு இதற்கு நேர்மாறானது. அங்கு பல்லாயிரம் வீடுகளைத் தம்வசம் வைத்திருக்கும் முதலீட்டு நிறுவனங்கள், முகாமையைத் தொழில்முறை நிறுவனங்களிடம் ஒப்படைக்கின்றன. இந்நிறுவனங்களின் ஊதியம் அறவிடப்படும் வாடகையின் ஒரு வீதமாக அமைதல் வழக்கம். திருத்த வேலை ஒழுங்காக நடைபெறுவதும் உண்டு. ஆயின் அதுவும் வாடகையை உயர்த்துவதற்கான ஒரு சாதனமே. போட்டியாளரின் வாடகை விபரங்களை ஒன்றுதிரட்டி, எவ்வளவு வாடகை கேட்கலாம் எனக் கணினிமூலம் பரிந்துரைக்கும் முறையும் பரவியுள்ளது. அத்தகைய மென்பொருளை வழங்கும் றியல்பேஜ் நிறுவனத்தின்மீது, போட்டியைக் குலைத்ததாகக் குற்றஞ்சாட்டி அமெரிக்க நீதித் திணைக்களம் 2024 ஆகஸ்டில் வழக்குத் தொடுத்தது. இவ்வணிகத்தின் மொழியில் வாடகைக் கட்டடத் தொகுதி 'சமுதாயம்' என அழைக்கப்படுவது சிந்தனைக்குரியது. தம் குடியிருப்பு பற்றிய எந்தத் தீர்மானத்திலும் பங்கில்லாத வாடகைக்காரரின் திரளே அங்கு சமுதாயமெனப் பெயர் பெறுகிறது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, மக்களை நிலத்திலிருந்து மாடிக்கு ஏற்றும் அரசு, கட்டடத்தைக் கையளிப்பதோடு தன் பொறுப்பு முடிந்ததெனக் கருதலாகாது. விடுவிக்கப்பட்ட நிலத்தின் பெறுமதியிலிருந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் தொடக்கத்திலேயே ஒரு பராமரிப்பு ஒதுக்குநிதி வைக்கப்படல் வேண்டும். அந்நிலம் அம்மக்களின் வாழிடமாக இருந்தமையால் இது சலுகையன்று, உரிமையே. இரண்டாவது, நாட்சம்பளக்காரர் வாரந்தோறுமோ சிறுதொகைகளாகவோ செலுத்தும் வகையிற் கட்டண ஒழுங்கு அமைதல் வேண்டும். மூன்றாவது, வாழ்பவர் வாடகைக்காரராயினும் பொதுப்பகுதி பற்றிய தீர்மானங்களில் அவருக்குக் குரல் வேண்டும். நான்காவது, வரவு செலவுக் கணக்கு குடியிருப்போர் பேசும் மொழிகளில், தமிழிலும் சிங்களத்திலும், அனைவர் பார்வைக்கும் வைக்கப்படல் வேண்டும். தாம் விளங்கிக்கொள்ளாத கணக்குக்கு மக்கள் மனமுவந்து பணம் செலுத்துவரென எதிர்பார்த்தல் பொருந்தாது.

1973 ஆம் ஆண்டின் சட்டங்கள் வாடகை வருமானத்தின் மீது கைவைக்கும் துணிவை வெளிப்படுத்தின. அத்துணிவு இன்று வேறொரு களத்தில் வேண்டப்படுகிறது. உறுதிப் பத்திரம் கையில் இருந்தும் மின்தூக்கி இயங்காத பத்தாம் மாடியில் வாழும் முதியவளுக்கு உடைமை என்பது அரைகுறை உரிமையே. கட்டடம் எவ்வாறு பேணப்படும், அதற்கான செலவை எவர் எவ்விகிதத்தில் ஏற்பர், அதனை எவர் தீர்மானிப்பர் என்னும் வினாக்களை வீடமைப்புத் திட்டத்தின் இறுதிப் பக்கத்திலன்றி முதற் பக்கத்திலேயே எழுப்புதல் நம் ஆய்வாளருக்கும் முற்போக்கு இயக்கங்களுக்கும் உரிய உடனடிக் கடமையாகும்.